ஏழு பேர் உட்கார்ந்து அளந்த சக்கரம்

என் கொழுந்தனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். குடியிருப்பில் எல்லோருக்கும் அவன் டேப்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு அளவு டேப் இருக்கும். நாற்காலி வாங்கப் போனால் நாற்காலியை அளப்பான், வீட்டுக்கு வந்து அதைப் போடப்போகிற மூலையை அளப்பான், வாசல் நிலையை அளப்பான். கடைசியில் "அடுத்த மாசம் பாக்கலாம் அண்ணி" என்பான். அதற்குள் கடைக்காரன் நாற்காலியை வேறு ஆளுக்கு விற்றிருப்பான்.

எனக்கோ மூக்கின் மேல் கோபம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்ற பழமொழியை என் மாமியார் யாரையோ சொல்வதுபோல என்னைப் பார்த்துத்தான் சொல்வார். ஒரே வீட்டில் இப்படி ஒருத்தி, அப்படி ஒருத்தன். நடுவில் என் வீட்டுக்காரர். "ரெண்டு பேரையும் கலந்து ரெண்டாப் பிரிச்சா ரெண்டு நல்ல மனுஷங்க கெடைப்பாங்க" என்பார் அவர்.

நாங்கள் இருப்பது நீரேற்று நிலையத்தின் குடியிருப்பு. ஆழ்துளைக் கிணறுகள், பம்பு அறை, ஒரு கேன்டீன், இரண்டு வரிசை வீடுகள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் பம்பு ஃபிட்டர். கொழுந்தன் முதலில் டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்தான். கடை படுத்துக்கொண்டது. ஒரு பஞ்சருக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க எடுத்துக்கொண்டால் படுக்காமல் என்ன செய்யும்? பிறகு இங்கே ஜீப் ஓட்டுகிற வேலை கிடைத்தது.

எங்களுக்கும் டவுனுக்கும் நடுவே வற்றிப்போன பழைய ஏரிப்படுகை கிடக்கிறது. மேலே பார்த்தால் காய்ந்த தரை மாதிரி இருக்கும். காலை வைத்தால் பல இடங்களில் ஆளையே உள்ளே இழுக்கும் சேறு. நடுவே கெட்டியான தடம் ஒன்று நேராகப் போய்ப் போய்த் திரும்புகிறது. அது திரும்புகிற மூன்று இடங்களில் மட்டும் கம்பம் நட்டு, அடுத்து எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு பலகை அடித்திருந்தார்கள். சுற்றிப் போகிற சாலையும் உண்டு. குண்டும் குழியுமாக அரை நாள் எடுக்கும். அதனால் எல்லோரும் படுகை வழியாகத்தான் போவோம். டீசல் கணக்கு பார்க்கிற இடம் என்பதால் ஏழு பேர் நிறையாமல் ஜீப் கிளம்பவே கிளம்பாது.

குளிர் மாதங்களில் காலையில் பனிமூட்டம் இறங்கும். அப்போது கம்பமாவது ஒன்றாவது, ஓட்டுகிறவனுக்குத் தன் வண்டியின் மூக்கே தெரியாது. ஒரு முறை இவன் பாதி வழியில் மாட்டிக்கொண்டு, ஆறு பேரோடு வெயில் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். அதில் ஒருவருக்கு அன்றைக்குக் கோர்ட்டில் வாய்தா. அவர் திட்டின திட்டை இவன் ஒரு வாரம் சுமந்துகொண்டு திரிந்தான்.

அந்த வாரக் கடைசியில் டவுனிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வாங்கிவந்தான். திறந்தால் சைக்கிளில் மாட்டுகிற ஸ்பீடோமீட்டர். தீப்பெட்டி அளவு முகம், ஒரு ஒயர், ஒரு சென்சார், சுண்டுவிரல் நகம் அளவு காந்தம். ஜீப்பின் சொந்த மீட்டர் எந்தக் காலத்திலோ செத்துப்போயிருந்தது.

"ஜீப்புக்கு சைக்கிள் மீட்டரா? அடுத்தது என்ன, மணி கட்டப்போறியா?" என்றேன்.

"அண்ணி, இதுக்கு வண்டியே தெரியாது. சக்கரத்துல இருக்கிற காந்தம் ஒரு தடவ சென்சாரத் தாண்டினா ஒரு சுத்துன்னு எண்ணும். ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம்னு நாம சொல்லிக் குடுக்கணும். சரியாச் சொன்னா கம்பத்துக்குப் பத்து மீட்டர் முன்ன பின்ன கொண்டு நிறுத்தலாம். கண்ணு தெரியலன்னாலும் மீட்டரும் திசைகாட்டியும் போதும்."

முதலில் பின் சக்கரத்தில் மாட்டினான். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சுற்றியதில், வண்டி நின்ற இடத்திலேயே மீட்டர் கால் கிலோமீட்டர் போய்விட்டது. கேன்டீன் முழுக்கச் சிரித்தது. பிறகு இழுவை இல்லாத முன் சக்கரத்துக்கு மாற்றினான். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, டயரைச் சுற்றி டேப்பைப் பிடித்து அளந்து அந்த எண்ணைப் போட்டான். டவுன் சாலையில் ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு மைல்கல்லும் வருவதற்கு முன்பே மீட்டர் வந்துவிட்டேன் என்றது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. திடீரென்று தட்டைத் தள்ளிவிட்டு, "தூக்கி வச்சு அளந்தது தப்பு" என்றான். சேற்றில் பதியாமல் இருக்க ஜீப்பின் டயரில் காற்றைக் குறைத்துத்தான் வைப்பார்கள். ஆள் ஏறினால் டயர் அமுங்கும். அமுங்கிய டயர் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போகும். "ஒரு சுத்துக்கு ஒரு விரல் அகலம்தான் அண்ணி வித்தியாசம். ஆனா ரெண்டாவது கம்பத்துக்குள்ள ரெண்டாயிரம் சுத்துக்கு மேல சுத்துது. ரெண்டாயிரம் விரல்னா முப்பது நாப்பது மீட்டர். அது சேறு."

"சேறு இருக்கட்டும், சோத்தத் தின்னு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடு வீடாகப் போய் ஆள் பிடித்தான். வண்டியில் ஏற வேண்டும் என்று மட்டும்தான் சொன்னான். சவாரி என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். நான் பெட்டிக்குள் இருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டினேன். முன்னால் அவன் பக்கத்தில் என் வீட்டுக்காரரும் வாட்ச்மேனும். பின்னால் நான், மாடி வீட்டக்கா, கேன்டீன் சமையல்காரர், எலக்ட்ரீஷியன். மாடி வீட்டக்கா ஏறியதும் ஜீப் பெருமூச்சு விட்டதைப் போல ஒரு பக்கம் இறங்கியது. "என்னப்பா, இப்பவே டயர் அமுங்கிடுச்சா?" என்று அவரே கேட்டுவிட்டுச் சிரித்தார். உடம்பைப் பற்றி அடுத்தவர் பேசுமுன் தானே பேசிவிடுவார், கெட்டிக்காரி.

கேஜ் வைத்துக் காற்றைப் பார்த்தான். முன் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேராகச் சிமெண்டுத் தரையில் ஒரு கோடு. வண்டியை நேராக, நத்தைபோல உருட்டினான். டயர்க் கோடு தரையைத் தொடும்போதெல்லாம் கீழே நின்றிருந்த பம்பு ஆள் சத்தமாக எண்ணினான். பத்து என்றதும் நிறுத்தி, அங்கே ஒரு கோடு போட்டான்.

"அவ்வளவுதான். எல்லாரும் எறங்கலாம்" என்றான்.

நான் இறங்கவில்லை. "இதுக்கா புடவை கட்டினேன்? பத்து உருட்டு உருட்டிட்டு எறங்குன்னா என்னடா அர்த்தம்?"

"ஒரு சுத்து அளந்தா கோடு போடுற தப்பே பெருசாத் தெரியும் அண்ணி. பத்து சுத்து அளந்து பத்தால வகுத்தா அந்தத் தப்பும் பத்துல ஒண்ணாயிடும்" என்று பொறுமையாக விளக்கினான். நான் கேட்டது அது இல்லை என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. அப்படியே இன்னும் இரண்டு முறை உருட்ட வைத்தான். மூன்று தடவையும் ஒரே எண் வந்ததும்தான் எங்களை விட்டான். பிறகு அதே ஏழு பேரோடு படுகையில் போய், ஒவ்வொரு கம்பத்துக்கும் மீட்டரும் திசைகாட்டியும் என்ன காட்டுகின்றன என்று பார்த்து மனப்பாடம் செய்துகொண்டான். அதையாவது சவாரி என்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் வழி முழுக்க ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வந்தார். முன்னால் இருந்த அவருடைய தோளைத் தட்டி, "பாட்ட நிறுத்துங்க, டயர் அமுங்குது" என்றேன். அந்த ஒரு மணி நேரம் நாங்கள் எல்லோரும் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தோம்.

அதற்கு அடுத்த மாதம்தான் அந்தக் காலை.

பம்பு அறையிலிருந்து சத்தம் கேட்டு ஓடினேன். பெல்ட்டில் சட்டைக் கை சிக்கி, என் வீட்டுக்காரரின் முன்கை உள்ளே போயிருந்தது. எலக்ட்ரீஷியன் மெயினை இறக்கியிருந்தார். சமையல்காரர் கேன்டீன் துண்டை முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டியிருந்தார். அப்படியும் ரத்தம் நிற்கவில்லை. வலது கை. ஒரு ஃபிட்டருக்கு வலது கை போனால் அப்புறம் என்ன மிச்சம்? அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெளியே பனிமூட்டம். எதிர் வரிசை வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், "சீக்கிரம் கொண்டுவாங்க, நேரம் போனா கைய எடுக்க வேண்டி வரும்" என்றார்கள். ஆம்புலன்ஸ் சுற்றுச் சாலையில்தான் வர முடியும். அது வர அரை நாள், திரும்பிப் போக அரை நாள்.

கொழுந்தன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். நாங்கள் அவரை முன்னால் உட்காரவைத்தோம். நான் பக்கத்தில் ஏறப்போனேன். அவன் வண்டியை எடுக்காமல் கீழே இறங்கி, டயரில் கேஜை வைத்துக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது. "உங்கண்ணனுக்கு ரத்தம் ஓடிட்டிருக்கு, நீ காத்து பாக்கிறியா? நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கத்தினேன். அதற்கு மேலும் சொன்னேன், எழுதக் கூடாத வார்த்தைகள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் எப்போதும்போல நிதானமாக வந்தது. "அண்ணி, நான் அளந்தது ஏழு பேரோட. இப்ப மூணு பேர். டயர் பெருசா நிக்கும். மீட்டர் கம்மியாக் காட்டும், நான் கம்பத்தத் தாண்டிச் சேத்துல எறக்கிடுவேன். காலி வண்டிக்கு என்கிட்ட கணக்கு இல்ல." பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான், "மணல் மூட்ட வேணும். நாலு ஆள் கனம்."

மணல் மூட்டைகள் கிணற்றுப் பக்கம், கோடியில் கிடந்தன. எலக்ட்ரீஷியன் ஓடத் திரும்பினார். மாடி வீட்டக்கா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"மூட்ட தேடுற நேரத்துக்கு நாமளே ஏறிடலாம். மூட்டைய விட நான் கனம்" என்றார். வீட்டுச் செருப்போடு, ஈரக் கையோடு, அன்றைக்கு உட்கார்ந்த அதே மூலையில் ஏறி உட்கார்ந்தார். அவருக்கு எதிரே சமையல்காரர், பக்கத்தில் எலக்ட்ரீஷியன். வாட்ச்மேன் கேட் சாவியை பம்பு ஆளிடம் எறிந்துவிட்டு, முன்னால் என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஏறினார். வண்டி புதைந்தால் ஏழு பேரும் புதைவோம் என்பது அங்கே தெரியாத ஆள் இல்லை. சமையல்காரருக்கு வீட்டில் கைக்குழந்தை வேறு.

"அண்ணி, நீங்களும் பின்னால. யாரு முன்னால யாரு பின்னால என்கிறதும் கணக்குதான்" என்றான். வாயைத் திறக்காமல் பின்னால் ஏறினேன். என் வாழ்க்கையில் நான் வாயைத் திறக்காமல் ஒரு சொல் கேட்டது அதுதான் முதல் தடவை. முன் சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டி, அவருடைய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பயணத்தைப் பற்றி என்ன சொல்வது. பாலுக்குள் போவதுபோல இருந்தது. கொழுந்தனின் கண் மீட்டருக்கும் திசைகாட்டிக்குமாகப் போய்வந்தது. அவன் சாலையைப் பார்க்கவே இல்லை, பார்க்க அங்கே சாலையும் இல்லை. வாட்ச்மேன் "தூங்காதீங்க தம்பி, பேசுங்க, பேசுங்க" என்று இவரைப் பேசவைத்துக்கொண்டே வந்தார். என் விரல்களுக்கு நடுவே ரத்தம் சூடாக இறங்கி முழங்கைக்கு வந்தது.

மீட்டரைப் பார்த்து ஒரு இடத்தில் நிறுத்தினான். பக்கவாட்டில் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் முதல் கம்பம் நின்றிருந்தது. சமையல்காரர் விம்மிய சத்தம் கேட்டது. பலகை காட்டிய பக்கம் திரும்பினோம்.

இரண்டாவது இடத்தில் நிறுத்தியபோது கம்பம் இல்லை. எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் உற்றுப் பார்த்தோம். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. கொழுந்தன் இறங்கி ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்தான். ஒன்றும் இல்லை. முந்தின வாரக் காற்றில் விழுந்திருக்கலாம், யாராவது விறகுக்குப் பிடுங்கியிருக்கலாம். இல்லை, நாங்கள்தான் தப்பான இடத்தில் நிற்கிறோமோ என்னவோ. வண்டியின் அந்தப் பக்கம் எங்கேயோ சேறு கொப்புளம் விடுகிற சத்தம் கேட்டது. இங்கேயே திரும்ப வேண்டும். திரும்புகிற இடம் தப்பென்றால் அவர் கை மட்டும் இல்லை, ஏழு பேரும் போவோம்.

அவன் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். மீட்டரின் முகத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை துடைத்தான்.

"தம்பி," என்றேன், "நம்பலாமா?"

அவன் மீட்டரையே பார்த்தபடி சொன்னான். "நீங்க எல்லாரும் உக்காந்து குடுத்த கணக்கு அண்ணி. அன்னிக்கு மூணு தடவையும் ஒரே எண்ணு வந்துச்சு. இன்னிக்கும் அதே ஆளுங்க, அதே எடம், அதே காத்து. நம்பலாம்."

"அப்ப திருப்பு" என்றேன்.

திருப்பினான். சக்கரத்துக்கு அடியில் தரை கெட்டியாகவே இருந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அப்புறமும் கெட்டி. மாடி வீட்டக்கா கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்திருந்தார், அந்த விரல் தடம் நாலு நாள் இருந்தது. மூன்றாவது கம்பம் வண்டியின் மூக்கை இடிக்கிற மாதிரி எதிரே வந்து நின்றது. அதற்கப்புறம் தார்ச்சாலை. அப்போதுதான் இவன் அழுதான். அழுதுகொண்டே ஓட்டினான். வேகத்தைக் கூட்டினான்.

ரத்தக்குழாயைத் தைத்துவிட்டோம், கை இருக்கும் என்றார் டாக்டர். நரம்பும் அடிபட்டிருக்கிறது, விரல் வேலை செய்யுமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்றார். வராந்தாவில் அந்த நாலு பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையிலும் பைசா இல்லை. சமையல்காரர் இடுப்பில் இன்னும் கேன்டீன் ஏப்ரன். எனக்கு நன்றி சொல்லிப் பழக்கம் இல்லை, திட்டித்தான் பழக்கம். அவர்கள் முன்னால் நின்று என்னென்னவோ சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது.

"அழாதம்மா. மூட்டைக்கு யாராவது நன்றி சொல்வாங்களா? ஒரு டீ வாங்கிக் குடு, போதும்" என்றார் மாடி வீட்டக்கா.

வாங்கிக் கொடுத்தேன். அந்த டீயோடு தீர்கிற கடனா அது? அந்த நாலு பேருக்கும் நான் என்ன செய்தாலும் தகும். இன்றைக்கும் அவர்களில் ஒருவர் என் வாசலைத் தாண்டிப் போனால் என் கை தானாக அடுப்பு வேலையை விட்டுவிடுகிறது. கொழுந்தனிடம் நான் சொன்ன வார்த்தைகளுக்கு, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அவனைப் பிடித்து வைத்து, "நீ மனுஷன்டா. உன்ன மாதிரி மனுஷன நான் பாத்ததில்ல" என்றேன். அவன் கூச்சப்பட்டு, "காத்து பாக்காம விட்டிருந்தா நீங்க சொன்னது சரிதான் அண்ணி" என்றான்.

விரல்கள் மட்டும் அசையவில்லை. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்து வாரங்கள் ஓடின. எதையாவது பிடித்துப் பிடித்துப் பழக்குங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பந்து கொடுத்தோம், துணியைச் சுருட்டிக் கொடுத்தோம். கையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். நான் சமையலறைக்குள் போய்விடுவேன். பம்பு அறையில் வேறு ஆள் போட்டிருந்தார்கள். எத்தனை நாளைக்குத் தற்காலிகம் என்று சொல்வார்கள்?

ஒரு நாள் சாயங்காலம் கொழுந்தன் வேலை முடிந்து வந்தான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க அண்ணே, என் கையப் பிடி பாக்கலாம்" என்று கையை நீட்டினான். தினமும் நடப்பதுதான். நான் கதவோரம் நின்று, பார்க்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே," என்றான் கொழுந்தன். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அண்ணே, விடு. வலிக்குது."

துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

"விடாதீங்க" என்றேன்.